ஐந்தின் மாதம்

பகலில் எலும்புகளைப் படம் பிடிக்கிறேன்.
அத்பாஷி மருத்துவமனை, தரைத்தளம், கடைசி அறை.
குதிரையிலிருந்து விழுந்தவர்கள்,
பனியில் சறுக்கியவர்கள்,
இருமலை மூன்று மாதம் ஒளித்து வைத்தவர்கள்.
எல்லோரிடமும் ஒரே வாக்கியம்:
மூச்சை இழுங்கள். பிடியுங்கள். அசையாதீர்கள்.

இரவில் அதையே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.
மூச்சு விட்டால் லென்ஸில் உறைகிறது.

கேமரா பழையது. பிஷ்கெக் சந்தையில்
கல்யாண வீடியோ எடுப்பவன் ஒருவன் விற்றான்.
கார்டில் அவன் அழிக்காமல் விட்ட மணப்பெண்
எல்லாப் படத்திலும் கண்ணை மூடியிருக்கிறாள்.
லென்ஸின் கழுத்தில் ஒற்றைக் காலுறை,
அதற்குள் சூடு தரும் பொட்டலம்.
பாட்டரி இரண்டும் என் அக்குளில்,
குஞ்சு பொரிக்கப் போவதுபோல்.

மைனஸ் இருபத்திரண்டு.
நாய்கூட வரவில்லை.

உர்கோர் என்போம் நாங்கள், அந்தக் கார்த்திகைக் கொத்தை.
வெறுங்கண்ணுக்கு ஆறு.
ஓரக்கண்ணால் பார்த்தால் ஏழு;
நேராகப் பார்த்தால் ஏழாவது கூசி ஒதுங்கும்.
எனக்கு வேண்டியது ஆறும் இல்லை, ஏழும் இல்லை.
அவற்றைச் சுற்றியிருக்கிற நீலம்.
தூசியில் பட்டுச் சிதறும் ஒளி,
கண்ணுக்கு அகப்படாது.
நாற்பது படங்களை
ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கினால்
நுரையீரலில் நிழல் தெரிவதுபோல்
மெல்ல மேலெழும்.

அதற்கு நிலா இருக்கக் கூடாது.
இன்று இருக்கிறது.
விடுப்பு இன்றைக்குத்தான் கிடைத்தது.
நிலாவைக் கேட்டு யாரும் ட்யூட்டி போடுவதில்லை.
ஐந்தாம் பிறை, கொத்தை நோக்கிச்
சாவகாசமாக நகர்ந்துகொண்டிருக்கிறது.

பின்னால் பனி நொறுங்கும் சத்தம்.
பக்கத்துப் பட்டி ஜூராகான், கையில் டார்ச்.
"அணை!" என்று கத்தினேன்.
அணைத்தாள். இருட்டில் அவள் கோட்டிலிருந்து
ஈரக் கம்பளி வாடை மட்டும்.
"தொட்டுவிட்டதா?"
"எது?"
"நிலா. உர்கோரை."

நாலு மாதமாய் நான் சபித்துவரும் சந்திப்பு.
அதைத்தான் இவர்கள் நாட்காட்டியாக வைத்திருக்கிறார்கள்.
ஒன்பதாம் பிறையில் தொட்டால் ஒன்பதின் மாதம், கொல்லும் குளிர்.
ஏழில் தொட்டால் ஏழின் மாதம்.
ஐந்தில் தொட்டால் வைக்கோலை எண்ணிப் பார்க்க வேண்டும்.
அப்புறம் மூன்று, அப்புறம் ஒன்று, அப்புறம் புல்.
உன் போனில் தேதி இருக்கிறதே என்றேன்.
"அது கடைக்காரனுக்கு," என்றாள்.
"ஆட்டுக்கு இல்லை."

பிறகு அது நடந்தது.
நிலாவின் இருண்ட பக்கம்,
சாம்பல் பூத்த கரிபோல் மங்கித் தெரிந்த பக்கம்,
ஓரத்து விண்மீனை நெருங்கியது.
விண்மீன் மங்கவில்லை, தேயவில்லை.
இருந்தது. இல்லை.
நானூறு ஆண்டுக்கு மேல் நடந்து வந்த ஒளி,
வாசலுக்கு வந்த நேரத்தில் கதவு.

"ஐந்து," என்றாள் ஜூராகான்.
பிறையைச் சொன்னாளா,
மிச்சத்தைச் சொன்னாளா, தெரியவில்லை.

என் விரல் அப்போது ஷட்டரில் இருந்தது.
இரண்டு விநாடிப் படம்.
அதில் அந்த விண்மீன் உண்டு,
பாதி நேரத்துக்கு மட்டும் இருந்ததால்
மற்றவற்றைவிடச் சற்றே மெலிந்து.
மூலையில் வெளுத்த ஓட்டையாய் நிலா.
நீலம் துளியும் இல்லை.

"அனுப்பு," என்றாள், போனை நீட்டி.
"நேற்றே தொட்டுவிட்டது என்று
காலையிலிருந்து சண்டை போடுகிறார் அந்த மனுஷன்."

அனுப்பினேன்.
மறுபக்கம் அது வெளியே வரும், ஒரு மணி நேரம் ஆகும் என்றேன்.
கொஞ்சம் நின்றாள். ஆடு ஒன்று முனகுகிறது என்று போய்விட்டாள்.
எனக்கு எதுவும் கேட்கவில்லை.
இரண்டாவது பாட்டரியும் செத்தது.
மலைத்தொடரிலிருந்து மேகம் இறங்கியது.
வெளியே வந்திருக்கும்.
நான் பார்க்கவில்லை.

காலையில் முதல் ஆள் ஒரு லாரி ஓட்டுநர், விலா எலும்பு.
மூச்சை இழுங்கள் என்றேன். பிடியுங்கள்.
பொத்தானை அழுத்தினேன்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன்.

"அக்கா," என்றார் அவர்,
காற்றே இல்லாத குரலில்,
"விடலாமா?"